நாலாயிரம் ஜன்னல்காரர்

பிப்ரவரி 3

தங்கச்சி தும்பிக்கு, அண்ணன் எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் ஏணியைப் பார்த்தால் முனகுகிறது. உன் இடுப்பு எலும்பில் வைத்த தகடு எப்படி இருக்கிறது, வலி குறைந்ததா, சாப்பாடு இறங்குகிறதா, எல்லாம் எழுது. போனில் கேட்கலாமே என்பாய். போன் செய்தால் மாப்பிள்ளை எடுப்பார். எடுத்தால் நான் ஏதாவது பேச வேண்டும். அதற்குத் தபால் எவ்வளவோ மேல்.

எனக்கு ஒரு அநியாயம் நடந்திருக்கிறது. எதிர்க் கடைக்காரன் புதிதாக ஒரு விளக்குப் பலகை மாட்டினான். படுத்தால் நேராக என் முகத்தில் அடிக்கிறது. ஆயுசு முழுக்க ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்தியவன் தன் ஜன்னலில் துணியைத் தொங்கவிடுவதா என்று கொஞ்ச நாள் பொறுத்தேன். பிறகு யாரையும் கேட்காமல் நானே போனில் தடவித் தடவி, இணையத்தில் ஒரு கடையில் ஒரு திரை வாங்கினேன். துணி நல்ல துணி. அதில் குறை சொல்ல மாட்டேன்.

குறை அதற்குப் பிறகுதான். காலையில் ஒரு மின்னஞ்சல், மாலையில் ஒன்று. நடுவில் குறுஞ்செய்தி. இப்போது தபாலிலும் தடித்தடியாகப் புத்தகங்கள். எல்லாவற்றிலும் ‘அன்புள்ள திரைப் பிரியரே’ என்று ஆரம்பம். ஒரு திரை வாங்கினேன், காசு கொடுத்தேன், கணக்கு முடிந்தது. இதில் அன்பு எங்கிருந்து வந்தது?

சாட்சிக்கு ஒரு புத்தகத்தை இதோடு அனுப்புகிறேன். பார்த்துவிட்டுக் கிழித்துப் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் இரண்டு பேர்தான். அவர் வழக்கம்போல அச்சகத்துக்குப் போய் ஊரார் எழுதியதில் பிழை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து என் சமையலில் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவரே சமைப்பதால் வீட்டில் பிழையே இல்லை. எனக்கு வலி பரவாயில்லை. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

புத்தகத்தைக் கிழிக்கவில்லை. என் கட்டில் ஜன்னலைப் பார்த்து இருக்கிறது. நீ வைத்த அதே ஜன்னல்தான். அதற்கு நேரே பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகச் சுவர் எழுப்பிவிட்டார். நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்துதான் மிச்சம். திறந்தாலும் சுவர், சாத்தினாலும் சுவர். அதனால் உன் சாட்சியைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். நடுவில் சின்னச் சின்னத் துண்டாக நிஜத் துணியே ஒட்டியிருக்கிறார்கள், கவனித்தாயா? வெளிர் நீலத்தில் ஒன்று, தொட்டால் விரலுக்கே தெரியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டேன். மாத்திரை போட்டும் வராத தூக்கம்.

அவர் அந்தப் புத்தகத்தில் இரண்டு அச்சுப்பிழை கண்டுபிடித்தார். நீ சந்தோஷப்படுவாய் என்று எழுதுகிறேன்.

ஒரு திரை வாங்கியவனுக்கு இவ்வளவு எதற்கு அனுப்புகிறார்கள்? அவர்களிடம் நீ என்ன சொல்லித் தொலைத்தாய்?

இன்னும் வந்தால், சாட்சிக்குத்தான், அனுப்பு.

தும்பி

மார்ச் 2

தும்பிக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தேன், வெந்நீர்தான் வீண். நீ ‘வலி பரவாயில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். எழுந்து உட்காருகிறாயா, நடக்கிறாயா என்று எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுது.

நான் ஒன்றும் சொல்லித் தொலைக்கவில்லை. திரை வாங்கும்போது படிவத்தில் கேட்டதற்குப் பதில் எழுதினேன். எந்தப் படிவத்திலும் நான் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை. படித்தவன் விட்டால் அவசரம் என்பார்கள். பள்ளிக்கூடம் போகாதவன் விட்டால் தெரியவில்லை என்பார்கள். எழுத்தையும் கணக்கையும் நானே கற்றுக்கொண்டது கட்டத்தைக் காலியாக விடுவதற்கு இல்லை.

தொழில் என்று ஒரு கட்டம். கண்ணாடி பொருத்துதல் என்று எழுதினேன். ஜன்னல்களின் எண்ணிக்கை என்று அடுத்த கட்டம். யாருடைய ஜன்னல் என்று கேட்கவில்லை. தொழிலுக்கு அடுத்தபடி கேட்டால் என்ன அர்த்தம்? இந்தக் கையால் பொருத்தியதைத்தான் கேட்கிறான் என்று யோசித்துப் பார்த்து நாலாயிரம் என்று போட்டேன். அதுவும் குறைத்துத்தான் போட்டேன்.

நேற்று அந்தக் கடையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

“சார், உங்க ஹோட்டல் எந்தப் பக்கம் இருக்கு?”

“ஹோட்டலா? எனக்கு ஒரே ஒரு ரூம்மா.”

“நாலாயிரம் ஜன்னல்னு போட்டிருக்கீங்களே.”

“அதெல்லாம் நான் வச்சதும்மா.”

“அப்ப உங்களோடதுதானே, சார்?”

போனை வைத்துவிட்டேன்.

மின்னஞ்சலின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் ‘இனி வேண்டாம் என்றால் இங்கே அழுத்தவும்’ என்று இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்து அழுத்தினேன். ஏன் வேண்டாம் என்று கேட்டு அவனே சில காரணங்கள் கொடுத்திருந்தான். ஒன்றும் என் காரணம் இல்லை. சொந்தமாக எழுத ஆரம்பித்தேன். பாதியில் இடம் தீர்ந்துவிட்டது. மறுநாள் ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ என்று வந்தது. கூடவே ஹோட்டல் அறைகளுக்கான புதுப் புத்தகமும்.

நான் விடப்போவதில்லை. இன்னும் இரண்டு சாட்சி அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்

மார்ச் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் நலமும் அப்படியே என்று நம்புகிறேன்.

புத்தகங்கள் வந்தன. எனக்கு இப்போது பகலும் தூக்கமும் ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன, எது எங்கே முடிகிறது என்று தெரிவதில்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். நாளுக்கு ஒரு பக்கம். நேற்று பதினோராம் பக்கத்து அறையில் இருந்தேன். மஞ்சள் திரை. கீழே யாரோ தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு வாசனை. படிக்கட்டில் ஒரு குழந்தை ஏறி ஏறி இறங்குகிறது, மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. எட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பதற்குள் அவர் கஞ்சி கொண்டு வந்துவிட்டார்.

இன்றைக்கு ஒன்பதாம் பக்கம். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தரை முழுக்க வெள்ளை வெயில். அந்த வெளிர் நீலத் திரை அறைக்குள்ளே பறந்து வந்து, கட்டிலைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது. எவ்வளவு காற்று! எழுந்து போய் முகத்தை அதில் கொடுக்க வேண்டும்போல இருக்கிறது. அங்கே என் கால் நன்றாக இருக்கிறது, அண்ணா. அங்கே யாரும் என்னை எண்ணி எண்ணி அடி வைக்கச் சொல்வதில்லை.

அவர் இரவில் விளக்கை அணைக்கும்போது, ‘இன்னிக்கு எந்த ரூம்ல தங்கறே?’ என்று கேட்கிறார். கேலிதான். ஆனால் பக்க எண்ணைத் தப்பாகச் சொன்னால் திருத்துகிறார்.

தும்பி

ஏப்ரல் 4

தும்பிக்கு,

நலம். நடக்கிறாயா என்று கேட்டேன். படிக்கட்டில் ஏறும் குழந்தையைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

நீ சொன்ன ஒன்பதாம் பக்கத்தை என்னிடம் உள்ள பிரதியில் பார்த்தேன். தொழில்காரன் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். அந்த ஜன்னலில் கண்ணாடியே கிடையாது. இருந்தால் ஒரு ஓரத்திலாவது வெளிச்சம் மடங்கும். நிழல் விழுகிற பக்கமும் திரை பறக்கிற பக்கமும் பொருந்தவில்லை. அது காற்று இல்லை. படம் எடுத்தவன் கீழே ஒரு விசிறியை வைத்திருக்கிறான். வெயிலும் வெயில் இல்லை, விளக்கு. இந்த ஏமாற்றுக்காரர்கள்தான் என்னைப் பிரியரே என்கிறார்கள்.

வாங்கும்போதே ஒரு கட்டத்தில் அவர்களாகவே டிக் போட்டு வைத்திருக்கிறார்கள், ‘எங்கள் செய்திகளை விரும்புகிறேன்’ என்று. நான் நிரப்பாத கட்டம் அது ஒன்றுதான். அவன் நிரப்பிவிட்டான். இதைச் சும்மா விட முடியாது. கடையின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். விளம்பரம் வேண்டாதவர்கள் பட்டியல் ஒன்று உண்டாம், அதிலும் பெயர் கொடுத்துவிட்டேன்.

நீ ஆசையாகப் பார்ப்பது வேறு, அவன் கேட்காமல் அனுப்புவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

இந்த வாரம் வந்தவை இதோடு.

அண்ணன்

ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்.

விசிறியாகவே இருக்கட்டும். நீ சொல்லியிருக்க வேண்டாம்.

டாக்டர் வந்தார், போனார். அடுத்த புத்தகம் எப்போது வரும்?

தும்பி

மே 6

தும்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு முழங்கால் வலிகூடக் குறைந்த மாதிரி இருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

ஜெயித்துவிட்டேன். தலைமை அலுவலகத்திலிருந்து முத்திரை போட்ட கடிதம் வந்துவிட்டது. ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். தங்கள் பெயரும் முகவரியும் எங்கள் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்கப்பட்டன.’ நிரந்தரமாக என்ற சொல்லைக் கவனி. நான் கேட்டு வாங்கிய சொல். போன் சத்தம் போடவில்லை. மின்னஞ்சல் பெட்டி கழுவிவிட்ட தரை மாதிரி இருக்கிறது. தபால்காரர் என் வாசலைத் தாண்டிப் போகிறார். “என்ன பெரியவரே, ஹோட்டலை வித்துட்டீங்களா?” என்று கேட்டார்.

ஒத்த ஆளாக நின்று ஜெயித்தேன் என்று மாப்பிள்ளையிடம் சொல். பிழை திருத்துவது அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்று நினைக்க வேண்டாம்.

இனி அனுப்புவதற்குச் சாட்சி இல்லை. கடிதம் மட்டும் எழுதுவேன். பதில் போடு.

அண்ணன்

ஜூன் 19

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். தங்கள் நலம் அறிய ஆவல். நான் தங்களுக்கு எழுதுவது பல ஆண்டுகளில் இதுவே முதல் முறை. ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

சென்ற மாதம் தாங்கள் அனுப்பிய வெற்றிக் கடிதத்தை அவள் படித்தாள். ‘நல்லது’ என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தாங்கள் அனுப்பிய இரண்டு கடிதங்களும் பிரிக்கப்படாமல் இருக்கின்றன.

அவள் தங்களுக்கு எழுதாததை நான் எழுத வேண்டியிருக்கிறது. தகடு வைத்த நாளிலிருந்து அவள் காலைத் தரையில் ஊன்றவில்லை. எலும்பு கூடிவிட்டது என்கிறார் டாக்டர். பயம்தான். பிடித்து நடப்பதற்குக் கொடுத்த கைப்பிடிச் சட்டம் கட்டிலோரம் மடக்கியபடியே நிற்கிறது. இப்படியே இன்னும் சில மாதம் படுத்திருந்தால் பிறகு மனம் வைத்தாலும் கால் கேட்காது என்று எச்சரித்திருக்கிறார். அந்தப் புத்தகங்கள் வந்துகொண்டிருந்தபோதாவது எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள். பக்கம் புரட்ட உட்கார வேண்டும் அல்லவா. இப்போது அதுவும் இல்லை. தினமும் மதியம், ‘தபால் வந்துச்சா?’ என்று கேட்கிறாள். கடிதத்தைக் கொடுத்தால், ‘இது இல்லை’ என்கிறாள்.

தாங்கள் வந்து பார்த்தால் நல்லது. வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று தாங்கள் சொன்ன சொல் நினைவிருக்கிறது. அந்த ஜன்னல் சாய்வாக இருப்பதாக நான் சொன்ன சொல்லும் நினைவிருக்கிறது. அதை நான் திரும்பப் பெறவில்லை. அது வேறு, இது வேறு.

நான் எழுதியதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

தங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளை

ஜூன் 27

தும்பிக்கு,

நலமா? நீ பதில் போடவில்லை. கை வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு கனவு வந்தது. எனக்குக் கனவு வருவதில்லை, உனக்குத் தெரியும். ஒரு நீளமான தெரு. இரண்டு பக்கமும் நான் பொருத்திய ஜன்னல்கள். வீடு கிடையாது, சுவர் கிடையாது, வெறும் ஜன்னல்களாக நிற்கின்றன. எல்லாவற்றிலும் திரை. நான் நடக்க நடக்க ஒவ்வொன்றாக வெளியே பறந்து வந்து என் தோளைத் தொட்டுவிட்டுப் போகிறது. வெயில் கண்ணாடியிலிருந்து கண்ணாடிக்குத் தாவுகிறது. ஒவ்வொன்றிலும் யாரோ எட்டிப் பார்க்கிறார்கள், என்னைத் தெரிந்தவர்கள் மாதிரி. தெருக்கோடியில் ஒரு ஜன்னல் மட்டும் திரை இல்லாமல், சாத்தியபடி இருந்தது. அருகில் போனேன். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தட்டலாமா என்று நினைக்கும்போது விழித்துவிட்டேன்.

காலையில் அந்தக் கடைக்குப் போன் செய்தேன். அதே பெண்.

“சார், நீங்கதானே நிரந்தரமா எடுக்கச் சொன்னீங்க?”

“நான்தான் சொன்னேன். திரும்பப் போடுன்னு சொல்றதும் நான்தான்.”

முடியாதாம். எடுத்தால் எடுத்ததுதானாம். புதிதாக யாராவது வாங்கினால்தான் புதுப் பெயர் ஏறுமாம். நான் கேட்டு வாங்கிய சொல் என்னையே சாத்திவிட்டது.

அதனால் உன் பெயரில், உன் முகவரிக்கு ஒரு திரை வாங்கியிருக்கிறேன். அந்த வெளிர் நீலம். தொழில் என்ற இடத்தில் ‘தற்போது ஓய்வு’ என்று எழுதினேன். தற்போது என்பதைக் கவனி. அவர்களாகவே டிக் போட்ட கட்டத்தை இந்தத் தடவை கண்டுபிடித்துவிட்டேன். அப்படியே விட்டேன்.

ஜன்னல்களின் எண்ணிக்கை ஒன்று என்று போட்டேன்.

அண்ணன்

ஜூலை 11

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் கனவை இரண்டு தடவை படித்தேன். அந்தக் கடைசி ஜன்னலைத் தட்டியிருக்கலாம்.

திரை வந்துவிட்டது. துண்டாகத் தொட்டதை முழுசாகத் தொட்டேன், அண்ணா. மடியில் விரித்தால் குளம் மாதிரி கிடக்கிறது. இதற்காக எழுந்து உட்கார்ந்தேன் என்று எழுதினால் நீ நம்புவாய்.

ஆனால் மாட்டியது அவர். கம்பி ஒரு பக்கம் இறங்கி, திரை சரிந்துகொண்டு தொங்குகிறது. படுத்தபடி பார்த்தால் கப்பல் கவிழ்கிற மாதிரி இருக்கிறது. ஒரு எழுத்து வரியை விட்டு இறங்கியிருந்தாலும் சாப்பாடு இறங்காத மனுஷன், இதைப் பார்த்துவிட்டு, “சரியாத்தானே இருக்கு. உங்கண்ணன் வச்ச ஜன்னலோட சேர்த்துப் பாரு” என்கிறார். திருத்தச் சொன்னால் தனக்கு இவ்வளவுதான் தெரியும் என்கிறார்.

எனக்குத் தலை சுற்றுகிறது. என்ன செய்யட்டும்?

தும்பி

ஜூலை 15

தும்பிக்கு,

நான் நலம். முழங்கால் மிக நலம்.

அந்தக் கம்பியை அவர் இனித் தொடக்கூடாது என்று சொல். சாய்வு கம்பியிலா ஜன்னலிலா என்பதை ரசமட்டம் சொல்லட்டும். தொழிலில் எனக்கு அந்தப் பெயரையே பட்டமாக வைத்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். குமிழ் நடுவில் நின்றால் நேர், ஓடினால் சாய்வு. அது யாருக்கும் மச்சான் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை.

வருகிற வியாழக்கிழமை காலை வருகிறேன். சொன்ன சொல்லை மாற்ற மாட்டேன். வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஜன்னலைப் பற்றி அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சந்தில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம் என்று நீ எழுதியிருக்கிறாய். சின்ன ஏணி போதும், அந்த ஜன்னலுக்குக் குறுக்குக் கம்பி கிடையாது. நான் வைத்த ஜன்னல், நான் நுழைந்தால் யார் கேட்பது?

ஒன்று மட்டும். தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறது. அதை மாப்பிள்ளை திறக்கக்கூடாது. அவர் திறந்துவிட்டால் அதுவும் அவர் வாசல் ஆகிவிடும். பிறகு நான் வர முடியாது. நீதான் திறக்க வேண்டும்.

அவசரம் இல்லை. நான் வெளியே நிற்பேன். எவ்வளவு நேரமானாலும் நிற்பேன். ஏணியில் நின்றே காலம் கழித்தவன்.

அண்ணன்

ஜூலை 29

அன்புள்ள அண்ணனுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். முழங்கால் என்ன சொல்கிறது? பொய் சொல்லாமல் எழுது. நானும் இனிப் பொய் எழுதவில்லை. இடுப்பு விண்ணென்று வலிக்கிறது. நல்ல வலி என்கிறார் டாக்டர்.

நீ வெளியே நின்றபோது உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் எப்போதும் கிளம்புவதற்கு முன்னாலேயே அச்சகத்துக்குப் போய்விட்டார். மடக்கி வைத்திருந்த கைப்பிடிச் சட்டத்தைப் பிரித்து, கட்டிலோரமாக வைத்துவிட்டுப் போனார். பிறகு சந்தில் ஏணி உரசுகிற சத்தம் கேட்டது. நகத்தால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினாய். சரிந்த திரைக்கு அந்தப் பக்கம் உன் நிழல் தெரிந்தது. ‘தும்பி, வந்துட்டேன்’ என்று ஒரு தடவை சொன்னாய். அதற்கப்புறம் கூப்பிடவே இல்லை. நிழல் திரும்பி, முதுகைக் காட்டி நின்றுகொண்டது.

கூப்பிட்டிருந்தால் அழுதிருப்பேன். திட்டியிருந்தால் படுத்திருப்பேன். நீ சும்மா நின்றாய். உன் முழங்கால் ஏணிப்படியில் நடுங்குவது அந்த நிழலிலேயே தெரிந்தது. இந்த ஆள் விழுந்து தொலைப்பானே என்றுதான் காலைக் கீழே வைத்தேன். தரை சில்லென்று இருந்தது. கட்டிலிலிருந்து ஜன்னல் அவ்வளவு தூரம் என்று எனக்கு அதுவரை தெரியாது. புத்தகத்தில் எல்லா அறையையும் ஒரே மூச்சில் கடந்தவளுக்கு, இந்த ஒரு அறையைக் கடக்கப் பாதி ஆயுசு ஆனது. நடுவில் நின்று அழுதேன். அதை நீ கேட்டிருப்பாய். திரும்பவில்லை. அதற்காக உனக்கு நன்றி.

தாழ்ப்பாளை எடுத்ததும் சந்திலிருந்து காற்று வந்தது. கொஞ்சம்தான். திரை எழும்பி என் முகத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது. விசிறி இல்லை, அண்ணா. நான் பார்த்துவிட்டேன்.

ஏணியோடு நுழைந்து, முதல் வேலையாக ‘இந்தக் கம்பியை வச்சவன் கையைக் காட்டச் சொல்லு’ என்றாயே, அதை அவரிடம் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கம்பி இப்போது நேராக இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டார்.

கடைசியில் ரசமட்டத்தை ஜன்னல் கட்டை மேல் வைத்துக் குனிந்து பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு பையில் போட்டுக்கொண்டாய். குமிழ் எங்கே நின்றது என்று நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து நன்றாகவே தெரிந்தது. அவரிடம் சொல்ல மாட்டேன்.

நேற்று எனக்குத் தபால் வந்தது. ‘அன்புள்ள திரைப் பிரியரே.’ ஒரு ஜன்னல்காரிக்கு மெலிசாகத்தான் புத்தகம் அனுப்புகிறார்கள். பாதகமில்லை. தினமும் காலையில் எழுந்து போய், எனக்கு இருக்கிற அந்த ஒன்றைத் திறந்து வைக்கிறேன். இரவில் நானே நடந்து போய்ச் சாத்துகிறேன்.

தாழ்ப்பாள் போடுவதில்லை.

தும்பி